‘இரத்தப் புண்’ என்று எழுதாதீர்கள்

கோத்தகிரியிலிருந்து வாரம் மூன்று நாள் மலை இறங்கி டயாலிசிஸ் செய்துகொள்கிறார் என் பெரியப்பா. போன மாதம் அங்கே கொடுத்த தாளில், வயதானவர்களுக்கு ‘இரத்தப் புண்’ வரலாம், கவனம் என்று இருந்தது. ஸ்வெட்டர் கையைச் சுருட்டி, ஊசி குத்தும் இடத்தைத் தடவிப் பார்த்தார். “இங்க புண்ணு ஒண்ணும் இல்லியேப்பா?” என்றார். ஆங்கிலத்தில் ‘பிளீடிங் அல்சர்’ என்பதைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். இந்தச் சொல்லை நான் பார்ப்பது இது மூன்றாவது தாளில்.

அல்சர் லத்தீன் வழி வந்த சொல், பொருள் புண்தான். வயிற்றை மட்டும் குறிப்பது நம் பேச்சுவழக்கு. தமிழில் புண்ணுக்கு முன்னால் இடமோ காரணமோ வரும்: வாய்ப்புண், வெட்டுப்புண், தீப்புண். அப்படியிருக்க ‘இரத்தப் புண்’ என்றால் இரத்தத்தில் புண்ணா, இரத்தத்தால் வந்த புண்ணா? புண்ணிலிருந்து இரத்தம் கசிகிறது என்ற செய்தியே அதில் இல்லை. ஆங்கிலத்தில் முன்னால் நிற்பதை அப்படியே முன்னால் ஒட்டிவிட்டார்கள். ஒரே ஒரு நோயாளியிடம் படித்துக் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

‘குடற்புண்’ என்பவர்களும் உண்டு. முன்சிறுகுடலில் வந்தால் சரி, இரைப்பையில் வந்தால் அது எப்படிக் குடலாகும்? ‘குன்மம்’ நல்ல பழஞ்சொல்; ஆனால் சித்த மருத்துவத்தில் அது பல வயிற்று நோய்களுக்குப் பொதுப்பெயர். இரண்டு இடத்துக்கும் பொருந்துவது, எல்லோர் வாயிலும் ஏற்கெனவே இருக்கும் வயிற்றுப்புண்தான். ஆகவே, ‘இரத்தம் கசியும் வயிற்றுப்புண்’. நீளம்தான், இருக்கட்டும்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு, இரத்தத்தை உறையவைக்க உதவும் தட்டணுக்கள் சரியாக வேலை செய்யாது. டயாலிசிஸின்போது இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் வேறு கொடுப்பார்கள். அதோடு ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து கூடும். வயதானவர்களுக்கு வலியே இல்லாமலும் கசியும். மலம் தார் போலக் கறுப்பாகப் போகும், வாந்தி காப்பித்தூள் மாதிரி வரும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால், தானாக முடிவு செய்யாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் ‘வயிற்றுப்புண்’ என்று சொல்லியே பெரியப்பாவுக்கு விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஸ்வெட்டர் பைக்குள் கைவிட்டு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றை எடுத்தார். தேயிலை மேட்டில் ஏறி இறங்கித் தேய்ந்த முட்டிக்கு, கடையில் கேட்டு வாங்கியது.

“அப்போ இத டாக்டர்கிட்ட காட்டணுமா?”