தரவுத்தளம் – சொல் விளக்கம்

இணையதளம் கட்டக் கற்றுக்கொள்பவர்கள் பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல், அதற்கு வடிவம் கொடுக்கும் சிஎஸ்எஸ் வரை தடங்கல் இல்லாமல் வந்துவிடுகிறார்கள். அடுத்து 'டேட்டாபேஸ்' என்றதும் பலருக்குத் தயக்கம் வருகிறது. தரவுகளை ஒழுங்காகச் சேமித்து வைத்து, கேட்டதும் எடுத்துத் தரும் அமைப்பு அது. தமிழில் இதற்குத் தரவுத்தளம் என்று பெயர். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பாடநூலிலும் இந்தச் சொல்தான் இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பேருந்து நேரங்களுக்கு ஒரு இணையதளம் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஒரு பக்கமாகக் கையால் எழுதினால், காலை 6.10 வண்டி 6.25க்கு மாறியதும் அந்த வண்டியைக் குறிப்பிடும் பக்கங்கள் எல்லாவற்றையும் திறந்து திருத்த வேண்டும். தரவுத்தளம் இருந்தால் வண்டி எண், புறப்படும் ஊர், சேரும் ஊர், நேரம் எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கும். பக்கமும் ஒன்றே ஒன்றுதான். பார்ப்பவர் கும்பகோணத்தைத் தேர்ந்தெடுத்ததும், பிஎச்பி போன்ற மொழியில் நீங்கள் எழுதிய நிரல் தரவுத்தளத்திடம் கேட்டு, கிடைத்த வரிசைகளை அப்போதே பக்கமாக ஆக்கிக் கொடுக்கும். நேரம் மாறினால் ஒரு வரிசையைத் திருத்தினால் போதும்.

இதிலும் ஒரு சிக்கல் வரும். ஒரு வரிசையில் 'தஞ்சாவூர்' என்றும் இன்னொன்றில் 'தஞ்சை' என்றும் எழுதிவிட்டால், கணினிக்கு அவை இரண்டு ஊர்கள். அதனால் ஊர்களுக்குத் தனி அட்டவணை போட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, நேர அட்டவணையில் அந்த எண்ணை மட்டும் வைப்பார்கள். இன்று நாம் கற்கும் மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தள மென்பொருள்களுக்கெல்லாம் அடிப்படையான, தரவை இப்படி அட்டவணைகளாகப் பிரித்துத் தொடர்புபடுத்தும் முறையை, ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்தார். அந்தக் கட்டுரையின் தலைப்பில் 'டேட்டா பேங்க்' என்றுதான் இருக்கும். அப்போது இரண்டு சொற்களுமே புழக்கத்தில் இருந்தன. 'டேட்டா பேஸ்' 1960களில் அமெரிக்க வான்பாதுகாப்புக் கணினிப் பணிகளைச் சுற்றிப் பரவிய சொல். முதலில் இரண்டு சொற்களாக எழுதி, பிறகு சேர்த்து எழுதத் தொடங்கினார்கள்.

'டேட்டா' இலத்தீன் சொல். தருதல் என்ற வினையிலிருந்து பிறந்தது. 'தரப்பட்டவை' என்று பொருள். கணக்குப் பாடத்தில் 'கொடுக்கப்பட்டவை' என்று எழுதிவிட்டுத் தொடங்குவோமே, ஆங்கிலத்திலும் அந்தப் பொருளில்தான் முதலில் வழங்கியது. தமிழில் 'தரவு' என்பதும் 'தரு' என்ற வினையடியில் பிறந்ததுதான். இது புதிதாகப் பண்ணிய சொல்லும் இல்லை. கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தரவு என்று பெயர். தொல்காப்பியச் செய்யுளியல் அதற்கு அடி வரையறையே சொல்கிறது. பொருள் வேறு என்றாலும் வேர் ஒன்றே. இவ்வளவு பொருத்தமான கலைச்சொல் அமைவது அரிது என்பேன்.

'தளம்' என்ற பகுதியில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். 'பேஸ்' என்பது எதன்மேல் ஒன்று நிற்கிறதோ அந்த அடிப்பகுதி. வீட்டுக்குத் தளம் போடுவது, படைத்தளம் என்றெல்லாம் சொல்கிறோம், அதனால் தளம் என்பது பொருந்தவே செய்கிறது. ஆனால் இணையதளத்திலும் தளம் இருக்கிறதே! அங்கே அது இடத்தைக் குறிக்கிறது. பாடம் எழுதுபவர்கள் வெறுமனே 'தளம்' என்று எழுதினால் எதைச் சொல்கிறார்கள் என்று தெரியாது. இரண்டையும் முழுப் பெயரோடு எழுதுவதே நல்லது.

'தகவல்தளம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 6.25 என்பது தரவு. 'கும்பகோணத்துக்கு அடுத்த வண்டி 6.25க்கு' என்பது தகவல். தரவுத்தளத்தில் சேமிப்பது முன்னதை. 'தரவுத்தளத்தால் இயக்கப்படும் இணையதளம்' என்பதும் சொல்லுக்குச் சொல் மாற்றியது. இயக்குவது நிரல், தரவுத்தளம் இல்லை. 'தரவுத்தளத்தை வைத்து இயங்கும் இணையதளம்' என்றால் சரியாக இருக்கும்.

கூடவே வரும் 'குவெரி', அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விக்கு, வினவல் என்பதே சரி, தேடல் வேறு. 'நேர அட்டவணையில், சேரும் ஊர் கும்பகோணமாக உள்ள வரிசைகளைக் கொடு' என்று முதல் வினவலைத் தமிழில் எழுதிப் பாருங்கள். அப்புறம் அதை வினவல் எழுதும் மொழியான எஸ்கியூஎல்லில் செலக்ட், ஃப்ரம், வேர் என்று மாற்றிக்கொள்ளலாம்.