பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் சலம் போனால்

இரண்டு வயதுப் பெடியன். கண் மஞ்சள், உதடு வெளிறிக் கிடந்தது. "டொக்டர், சலம் பால் விடாத தேத்தண்ணி மாதிரிப் போகுது" என்றார் தாய். வீட்டில் செங்கமாரி என்று முடிவுகட்டிக் கீழ்க்காய்நெல்லியும் அரைத்துக் கொடுத்தாயிற்று. புதிதாக மருந்து ஏதும் கொடுத்தீர்களா என்று இரண்டு தரம் கேட்டேன், இல்லை என்றார்கள். வாயில் எதையாவது வைத்தானா என்று கேட்டபோதுதான் அம்மம்மா வாய் திறந்தார்: "முந்தநாள் அலுமாரிக்குள்ள கிடந்த வெள்ளை உருண்டையைச் சூப்பினவன். பறிச்செறிஞ்சுபோட்டன்."

நப்தலின் உருண்டை. சீலைக்குப் பூச்சி அரிக்காமல் போடுவது. அதை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

ஜி6பிடி என்ற நொதியம் குறைவாக உள்ளவர்களுக்கு அது வில்லங்கம். அந்த நொதியத்துக்கான பரம்பரை அலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. இரத்தத்தின் செங்குழியத்துக்கு, மற்றக் குழியங்களுக்குச் சக்தி தரும் இழைமணி கிடையாது. குழியத்தைச் சிதைக்கும் ஒட்சியேற்றத் தாக்கத்தைத் தாங்க இந்த நொதியத்தின் வழியை விட்டால் வேறு வழியும் கிடையாது. சாதாரண நாட்களில் பிள்ளை ஓடித் திரிவான். நப்தலினோ, சில மருந்துகளோ, கடும் தொற்றோ வந்தால் ஓரிரு நாளில் செங்குழியங்கள் உடைந்து சலம் கறுக்கும்.

இரத்தம் ஏற்றினோம். அன்றைக்குச் செய்த நொதியப் பரிசோதனை வழமையாகவே வந்தது. நொதியம் குறைந்த பழைய குழியங்கள் உடைந்துபோக, மிஞ்சியவை நொதியம் கூடிய இளம் குழியங்கள். அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். "நோர்மல்தானே" என்று பலர் திரும்பி வருவதில்லை. எனக்கு வருகிற கோபம் அங்கேதான்.

ஆண்பிள்ளைக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வரும். உடனே "உங்கட பக்கத்துப் பழுது" என்று மாமியார் தொடங்கிவிடுவார். பழுதென்று சொல்ல ஏலாது. மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பதால்தான் காய்ச்சல் மலிந்த நாடுகளில் இந்த மாற்றம் நிலைத்தது. இலங்கையில் உள்ளூர் மலேரியா கடைசியாகக் கண்டது 2012இல். 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றும் தந்தது. காய்ச்சல் போய்விட்டது, அலகு நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரைமாகுயின் குளிசைதான் இவர்களுக்கு ஆகாது. தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோனும் ஆகாது. சலத்தொற்றுக்குக் கொடுக்கும் நைட்ரோஃபியூரன்டோயினும் அந்த வரிசையில் உண்டு.

சாப்பாட்டில் ஆகாதது மத்தியதரைக் கடல் நாட்டவர் உண்ணும் ஃபாவா அவரை. அதை வாசித்துவிட்டுப் பயற்றங்காயையும் போஞ்சியையும் நிறுத்தாதீர்கள். உருண்டை போட்ட பெட்டியில் கிடந்த பழைய வேட்டியில் பச்சைப்பிள்ளையைச் சுற்றுவதை நிறுத்துங்கள். அந்த மணத்தாலேயே பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் ஏறலாம்.

மூன்று மாதம் கழித்துக் குறைபாடு உறுதியானது. கிளினிக் கொப்பியின் மட்டையில் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தேன். தாய் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கட அண்ணரும் சின்னனில ரெண்டு தரம் இப்பிடிக் கிடந்தவர். செங்கமாரி எண்டுதான் சொன்னவை."

அடுத்த கிழமை அண்ணரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.