காஞ்சு கெடக்கிற புல்லுக்கு மருந்து அடிக்காதீங்க, ப்ளீஸ்

இந்த வருஷமும் ஆரம்பிச்சிட்டாங்க. "சேர், கடையில குடுத்த மருந்து டூப்ளிக்கேட், இலுக்குப் புல்லு சாகவே இல்ல, போத்தலைக் கொண்டு வந்து காட்டவா?" ஜனவரியில மழை நின்னு ரோட்டோர தேயிலை எல்லாம் தூசி படிஞ்சு நிக்க ஆரம்பிச்சா ஹட்டன், தலவாக்கலை பக்கமிருந்து இந்த போன் வரும், அது ஓஞ்சா ஜூலை ஓகஸ்ட்ல பண்டாரவளை, ஹப்புத்தளை ஆளுங்க அதே கதையோட வருவாங்க. போத்தலை விடுங்க, எப்ப அடிச்சீங்கன்னு கேட்டா, "நல்ல வெயில் பார்த்துத்தான் சேர் அடிச்சோம்"னு பெருமையா பதில். போலி மருந்து இல்லன்னு நான் சொல்லல, இருக்கத்தான் செய்யுது. ஆனா என்கிட்ட வர்ற கேஸ்ல பெரும்பாலும் மருந்து நல்ல மருந்து, அடிச்ச நேரம்தான் கெட்ட நேரம்.

"தாகத்துல கெடக்கிற புல்லு மருந்தை மடக்கு மடக்கா குடிச்சிரும்", "ஏற்கனவே பாதி செத்த புல்லு, லேசா அடிச்சாலே போதும்" - இந்த ரெண்டையும் யாரு கிளப்பி விட்டாங்கன்னு தெரியல, கங்காணில இருந்து படிச்ச பிள்ளைங்க வரைக்கும் சொல்றாங்க. ரெண்டுமே தப்பு. வரட்சி வந்தா புல்லு குடிக்கிறதுக்கு வாயைத் திறக்காது, மூடிக்கும். காலையில பத்து மணிக்கு மலையில போய் ஒரு இலுக்கு இலையைக் கிட்ட பிடிச்சுப் பாருங்க, நீளவாக்கில ஊசி மாதிரி உருண்டிருக்கும், மேல மெழுகு தடிச்சிருக்கும், அதுக்கு மேல தூசி. நீங்க அடிக்கிற துளி நிக்கவே இடமில்ல, நின்னாலும் உள்ள போறதுக்குள்ள காஞ்சிரும். சரி, கொஞ்சம் உள்ள போச்சுன்னே வைங்க, நீங்க அடிக்கிற கிளைபோசேட் இலையைக் கொல்ற மருந்து இல்லங்க, இலையில தயாராகுற சர்க்கரையோட சேர்ந்து கிழங்குக்கு இறங்கி அங்க வேலை செய்ற மருந்து. வளர்ச்சி நின்ன புல்லுல சர்க்கரையே சரியா ஓடாது. பஸ் ஓடாத நாள்ல ஸ்டாண்ட்ல பார்சலை வச்சிட்டு வந்த கதைதான். இலை மட்டும் பழுத்துக் காயும், அது நீங்க அடிக்காட்டியும் வெயில்ல காயப் போற இலைதான்.

நம்பாட்டி அடிச்சு மூணு கிழமை கழிச்சு ஒரு கட்டையைத் தோண்டி கிழங்கை நகத்தால சுரண்டிப் பாருங்க. மேல வைக்கோலு, உள்ள வெள்ளை வெளேர்னு, நுனி முள்ளு மாதிரி கூரா, அடுத்த மழைக்கு ரெடியா இருக்கும். அதுவரைக்கும் மேல நிக்கிற காஞ்ச இலுக்கு யாராவது பீடித் துண்டைப் போட்டா மலையே பத்துறதுக்குத்தான் உதவும்.

"அப்ப டோஸைக் கூட்டி அடிச்சா?" கூடாது! இலை சீக்கிரம் கருகும், கருகின இலை கீழ எதையும் அனுப்பாது, உங்க காசுதான் போகும். அரைகுறையா அடிச்சு, முளைச்சு, திரும்ப அடிச்சுன்னு ஒரே மருந்தை வருஷக்கணக்கா ஓட்டினா அதுக்கே அசையாத புல்லு வந்திரும். மலேசியாவில குரக்கனோட காட்டுச் சாதிப் புல்லு கிளைபோசேட்டுக்கு சாகாம நிக்கிறதை 1997லயே கண்டுபிடிச்சிட்டாங்க.

மரக்கறித் தோட்டக்காரங்களுக்கு ஒண்ணு. நுவரெலியா, வெலிமடை பக்கம் உருளைக்கிழங்கு, கெரட்டுக்குள்ள புல்லுக்குன்னே அடிக்கிற புளுவாசிபொப், குவிசலோபொப் வகை மருந்துகளுக்கும் வரட்சின்னா ஆகவே ஆகாது. தண்ணி பாய்ச்சி புல்லு பிஞ்சா இருக்கும்போது அடிங்க.

இலங்கையில 2015ல கிளைபோசேட்டைத் தடை பண்ணி, 2018ல தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டு, 2022லதான் முழுசா தடையை எடுத்தாங்க. அந்த இடைவெளியில இலுக்கு மலையைப் பிடிச்சது உண்மை, கைக்கு மருந்து கெடச்ச உடனே அடிக்கணும்னு தோணுறதும் புரியுது. கொஞ்சம் பொறுங்க. நல்ல மழை ரெண்டு மூணு பெஞ்சு, புது இலை விரிஞ்சு, முழங்கால் உயரத்துக்குள்ள பச்சையா நிக்கும்போது லேபல்ல போட்ட அளவு போதும். பனி காஞ்ச பிறகு, காத்து கிளம்புறதுக்கு முன்ன, ஆறு மணித்தியாலமாவது மழை வராதுன்னு தெரிஞ்சா அடிங்க. தண்ணி தெளிஞ்ச தண்ணியா இருக்கணும், ஓடை வத்தி அடியில கெடக்கிற சேத்துத் தண்ணியை அள்ளி டேங்க்ல ஊத்தாதீங்க, மண்ணு கிளைபோசேட்டைப் பிடிச்சு வச்சிக்கும். இளந்தேயிலைப் பக்கம் நொசிலுக்கு ஹூட் (மருந்து சிதறாம மறைக்கிற மூடி) போடாம போகாதீங்க. மருந்து அடிக்கிற தம்பிமார்களே, மத்தியான வெயில்ல கையுறை இல்லாம அடிச்சிட்டு அதே கையால தண்ணிப் போத்தலைத் தூக்குறீங்களே, உங்க பிள்ளைங்க முகத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்கப்பா.

வரட்சியில சும்மா இருக்கவும் வேணாம். முள்ளு (மண்ணைக் கிளறுற பல்லு வச்ச கருவி) குத்தி கிழங்கைக் கிளப்பி மேல போட இதைவிட நல்ல காலம் இல்ல, வெயிலே காய வச்சுக் கொன்னுரும். ஆள் பத்தாட்டி வெட்டி மட்டும் விடுங்க, மழைக்குப் பிறகு வர்ற துளிருக்கு அடிக்கலாம். சுரண்டியால மண்ணை மட்டும் வழிக்காதீங்க, அந்தச் சரிவுல முதல் மழைக்கே மேல்மண்ணு ஓடைக்குப் போயிரும்.

"பெப்ரவரியில மருந்து ரவுண்ட்னு புரோகிராம்ல எழுதியிருக்கே சேர்"னு கணக்கப்பிள்ளைமார் கேக்குறாங்க. எழுதினது துரைதானே, மாத்தி எழுதச் சொல்லுங்க, அந்த ஆளுங்களை முள்ளு குத்தப் போடுங்க.