கறுப்புப் பட்டை சொல்லும் சேதி

கடலூர் தேவனாம்பட்டினத்தில் குடியிருப்பவர்களுக்குத் துருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டுக்கு அடித்த பெயின்ட் அடுத்த பொங்கலைப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டின் பரணில் பல வருடம் கிடந்தது ஒரு சாம்பல் நிறக் கேம்பாய், நிண்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் கருவி. பிரான்சில் இருந்த தாய்மாமா லீவுக்குப் புதுச்சேரி வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. போன கோடை விடுமுறையில் அதை இறக்கி, நான்கு பேட்டரி போட்டு, சுவிட்சைத் தள்ளினேன். மேலிருந்து ஒரு கறுப்புப் பட்டை மெதுவாக இறங்கி வந்து நடுத்திரையில் நின்றுவிட்டது.

"செத்துப்போச்சு மாமா" என்றான் அக்கா மகன்.

சாகவில்லை. தனக்கு என்ன குறை என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

1989-இல் வெளிவந்த கேம்பாயின் சில்லுக்குள் 256 பைட்டே உள்ள ஒரு குட்டி நிரல் உண்டு. மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது அதுதான். கார்ட்ரிட்ஜின், அதாவது விளையாட்டு அடங்கிய செருகு பெட்டியின், 260ஆம் முகவரியிலிருந்து 48 பைட்டுகளைப் படித்து, அவற்றைப் படமாக்கித் திரையில் இறக்கும். நாம் பார்க்கும் நிண்டெண்டோ என்ற எழுத்து கருவிக்குள் இருந்து வருவதில்லை, கார்ட்ரிட்ஜிலிருந்து வருகிறது. இறக்கிய பிறகு அந்த 48 பைட்டையும் தன்னிடமுள்ள அசலோடு ஒப்பிடும். ஒரு பிட் மாறியிருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். அடுத்து, விளையாட்டின் பெயர் முதலிய விவரங்கள் உள்ள தலைப்புப் பகுதியின் 25 பைட்டுகளைக் கணக்கிட்டுச் சரிபார்க்கும். இரண்டும் பொருந்தினால்தான் விளையாட்டு.

அனுமதியில்லாத கார்ட்ரிட்ஜைத் தடுக்க வைத்த காவல் இது. பழுது பார்ப்பவனுக்கு இதுவே ஸ்டெதஸ்கோப். கார்ட்ரிட்ஜ் முழுக்கச் செத்திருந்தாலும் இந்த நிரல் ஓடும். படித்தது எதுவோ அதை அப்படியே திரையில் காட்டும். கார்ட்ரிட்ஜிலிருந்து பதிலே வராவிட்டால் பைட்டின் பிட்டுக்கு ஒன்றாக உள்ள எட்டு தரவுக் கம்பிகளும் 1 என்று படிக்கப்படும். எல்லாம் 1 என்றால் எல்லாப் புள்ளியும் கறுப்பு. அதுதான் அந்தப் பட்டை. அதன் வால்பக்கம், வட்டத்துக்குள் ஆர் போட்ட சின்ன முத்திரை மட்டும் சுத்தமாகத் தெரியும். அது கருவியின் சொந்தச் சரக்கு.

ஆக, கருவி நலம். கார்ட்ரிட்ஜின் தொடுமுனைதான் பேசவில்லை. சின்ன வயதில் நாங்கள் ஊதி ஊதிச் செருகுவோம். மூச்சில் ஈரம் இருக்கிறது, உப்புக்காற்று ஊரில் அது இன்னும் கெடுதல். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு 32 முனைகளையும் துடைத்தேன். பஞ்சு பச்சையாக வந்தது. எழுத்து வந்தது. ஆனால் கொஞ்சம் அம்மைத் தழும்போடு: நான்கு புள்ளிக்கு ஒன்றாக, ஒன்றுவிட்ட வரிசையில் கறுப்பு. எட்டுக் கம்பிகளில் ஒன்று மட்டும் இன்னும் தொடவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு பைட்டிலும் ஒரே பிட் 1 ஆகவே நிற்பதால் ஒரே இடைவெளியில் புள்ளி விழுகிறது. எந்தப் பைட் வேண்டும் என்று கேட்கும் முகவரிக் கம்பி போயிருந்தால் எழுத்தின் துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். இன்னொரு முறை துடைத்ததும் சரியாயிற்று.

அப்புறம்தான் ஆசை பெரிதானது. சொந்தமாக ஒரு விளையாட்டு எழுதி இதில் ஓட்ட வேண்டும். (அடுத்தவர் விளையாட்டை நகலெடுப்பது காப்புரிமை மீறல். சொந்தமாக எழுதியதை யாரும் கேட்க முடியாது.) நாம் எழுதியதைக் கேம்பாய்க்குப் புரியும் பைட்டுகளாக்க ஆர்ஜிபிடிஎஸ் என்ற இலவச அசெம்பிளர் தொகுப்பு இருக்கிறது. கணினியில் கேம்பாயாக நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் அருமையாக ஓடிய என் முதல் நிரல், கேம்பாயில் வெறும் வெள்ளைத் திரையும் அந்த ஆர் முத்திரையும் காட்டி நின்றது. பல எமுலேட்டர்கள் தொடக்கச் சோதனையைத் தாண்டிப் போய்விடும். தலைப்பையும் எழுத்துக்கான அந்த 48 பைட்டையும் நிரப்பும் கடைசிப் படியை நான் விட்டிருந்தேன். 48 பைட்டும் சுழி. எட்டுப் பிட்டும் 1, அதாவது 255 என்றால் கறுப்பு, சுழி என்றால் வெறுமை. இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

நிரலை ஏற்ற, திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஒரு மலிவு ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜ் வாங்கினேன். ஃப்ளாஷ் நினைவகத்தின் குணம் சிலேட்டு மாதிரி. அழித்த நிலையில் எல்லாப் பிட்டும் 1. எழுதுவது என்பது 1-ஐ 0 ஆக்குவது மட்டுமே. 0-ஐ மறுபடி 1 ஆக்க வேண்டுமானால் ஒரு பெரிய கட்டத்தையே, பல சில்லுகளில் 64 கிலோபைட்டையே, சேர்த்துத் துடைக்க வேண்டும். தவறுதலாக எழுதிவிடாமல் இருக்க ஒரு பூட்டும் உண்டு: ஒரு முகவரிக்கு 170, இன்னொன்றுக்கு 85, பிறகு 160 என்று வரிசையாக அனுப்பினால்தான் சில்லு அடுத்து வரும் பைட்டை ஏற்கும்.

அனுப்பினேன். அசையவில்லை. இரண்டு நாள் முகவரியை மாற்றி, வேகத்தைக் குறைத்து, கம்பியை மாற்றி என்னென்னவோ செய்தேன். கடைசியில் இணைப்பு இருக்கிறதா என்று காட்டும் கன்டினியூட்டி மீட்டரை எடுத்துத் தொடுமுனைக்கும் சில்லின் காலுக்கும் நடுவே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால், தரவின் கடைசி இரண்டு பிட்டுகளுக்கான கம்பிகள் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன. முதல் கம்பி இரண்டாம் காலுக்கு, இரண்டாவது முதலுக்கு. பலகையில் தடங்கள் ஒன்றையொன்று வெட்டாமலிருக்க இப்படிச் செய்வதுண்டு. தரவுக்கு இதனால் கெடுதலே இல்லை: எழுதும்போது மாறிப் போகிறது, படிக்கும்போது மாறியே திரும்பி வருகிறது, கணக்கு நேராகிவிடும். கட்டளைக்கு அந்தச் சலுகை கிடையாது. கட்டளை ஒருவழிப் பயணம். 170 என்பது இருமத்தில் 10101010. கடைசி இரண்டை மாற்றினால் 10101001, அதாவது 169. 85 மாறினால் 86. சில்லில் எழுதும் என் நிரலில் 170-க்குப் பதில் 169, 85-க்குப் பதில் 86 போட்டேன். வழியில் மாறிச் சில்லுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தன. 160-இல் அந்த இரு பிட்டும் சுழி, அதைத் தொடவே வேண்டாம். இத்தனை வருடம் சாலிடரிங் அயர்ன் பிடித்ததில் எனக்கு மிகவும் பிடித்த பிழை இதுதான்.

இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. சில்லுக்குப் பதிலாக ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற குட்டி நுண்கட்டுப்படுத்திப் பலகையையே கார்ட்ரிட்ஜாக நடிக்க வைத்தால் என்ன? நடிக்க வைக்கும் அந்த நிரல்தான் ஃபர்ம்வேர். வேலை சின்னது: கேம்பாய் ஒரு முகவரி கேட்டால் அங்குள்ள பைட்டைக் கம்பியில் வைக்க வேண்டும், கேட்டு முடித்ததும் கையை எடுத்துவிட வேண்டும். கேம்பாய் 5 வோல்ட், பிக்கோ 3.3 வோல்ட், நடுவே மட்டம் மாற்றும் சில்லுகள்.

கேம்பாய்க்குக் கார்ட்ரிட்ஜில் ஒரு நேரத்தில் 32 கிலோபைட்தான் தெரியும். அதற்கு மேல் உள்ள விளையாட்டுக்கு ஜவுளிக்கடை வழி. மெத்தையில் விரித்த புடவைகளில் பாதி அப்படியே இருக்கும், மறுபாதியை 'அடுத்த அடுக்கை எடுங்க' என்று சொல்லி மாற்றிக்கொண்டே இருக்கலாம். எழுத முடியாத நினைவகத்துக்கு கேம்பாய் ஒரு எண்ணை எழுதும். அதுதான் அந்தச் சொல். ஃபர்ம்வேர் அதைக் காதில் வாங்க வேண்டும்.

விளையாட்டு ஓடியது. பத்து நிமிடத்தில் உறைந்தது. அடுத்த முறை மூன்றே நிமிடம். எழுத்து சுத்தமாக வருகிறது, எனவே கம்பியில் குறையில்லை. எப்போதாவது வரும் பிழை என்றால் நேரத்தைச் சந்தேகப்படு என்பது என் அனுபவம். கேம்பாய் ஒரு பைட்டுக்காக ஒரு மைக்ரோ விநாடிகூடக் காத்திராது. பிக்கோ தன் நிரலை வெளியே உள்ள ஃப்ளாஷிலிருந்து சிறு இடைநினைவகம் வழியாக எடுத்து ஓட்டுகிறது. தேவையான வரி அதில் இருந்தால் மின்னல், இல்லாவிட்டால் வெளியே போய் எடுத்து வர வேண்டும். அந்தத் தாமதத்தில் ஒரே ஒரு பதில் பிந்தியது, கேம்பாய் குப்பையைப் படித்தது.

முகவரி கேட்டுப் பதில் தரும் நிரலின் முழு வளையத்தையும் பிக்கோவின் 264 கிலோபைட் உள்நினைவகத்துக்கு மாற்றினேன். அதை இரண்டாவது கோருக்கு, அதாவது இன்னொரு செயலிக்கு, கொடுத்து, நடுவில் வேறு வேலைக்கு இழுக்கும் குறுக்கீடுகளையும் அங்கே அணைத்தேன். என் விளையாட்டு 128 கிலோபைட்தான், அதுவும் உள்ளேயே அடங்கிவிட்டது. இந்த ஆராய்ச்சியில் பல தடவை தவறான ஃபர்ம்வேரை ஏற்றியிருக்கிறேன். பிக்கோவின் ஏற்றி நிரல் சில்லிலேயே அழியாமல் பொறிக்கப்பட்டது. பொத்தானை அழுத்தியபடி செருகினால் பென்டிரைவ் போல எழுந்துவிடும்.

சாயங்காலம் அக்கா மகன் அதைச் சில்வர் பீச்சுக்கு எடுத்துப் போனான். திரும்பி வந்து சுவிட்சைத் தள்ளினால், கறுப்புப் பட்டை. பஞ்சுக் குச்சியை அவனே தேடி எடுத்தான்.