"கட்டைதானே குத்துச்சு, ஊசி எதுக்குங்?"

டெட்டனஸ், அதாவது ரணஜன்னிக்கான தடுப்பூசி போடச் சொன்னால் நோயாளிகள் என்னிடம் இப்படிக் கேட்பது இந்தக் கோடையில் இது மூன்றாவது முறை. தோட்டத்து வேலியைப் பிரித்துக் கட்டுகிற பருவம் இது. இற்றுப்போன வேலங்கட்டைகளைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கட்டை நட்டு, மழைக்கு முன் முள்கம்பி இழுத்துவிட வேண்டும் என்று அவசரம். கம்பி கிழித்தவர் அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறார். உள்ளங்காலில் சிலாம்பு ஏறியவர் வருவதே இல்லை. "துருப்பிடிச்ச கம்பியா என்ன, கட்டைதானுங்களே!"

போன வருஷம் இப்படித்தான் ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டியவர். கடப்பாரையால் நெம்பும்போது பழைய கட்டை முறிந்து பெருவிரலுக்கு அடியில் குத்தியிருக்கிறது. பிடுங்கி எறிந்துவிட்டு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கிறார். ஒன்பதாம் நாள் வாய் திறக்க முடியவில்லை. பல்வலி என்று பல் டாக்டரிடம் போக, அவர்தான் புரிந்துகொண்டு எங்களிடம் அனுப்பினார். நான் பார்க்கும்போது கழுத்து விறைத்திருந்தது. தட்டில் கத்தரிக்கோல் விழுந்த சத்தத்துக்கே முதுகு வில்லாக வளைந்தது. நினைவு மட்டும் துளிகூடத் தப்பவில்லை. அத்தனை வலியையும் முழு நினைவோடு அனுபவிக்க வைப்பதுதான் ரணஜன்னியின் கொடுமை. பெரிய ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தார்.

துருவுக்கும் டெட்டனஸுக்கும் சம்பந்தமில்லை. தொண்டை வறளச் சொல்லியாயிற்று. 'கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி' என்ற கிருமி மண்ணிலும் சாணத்திலும் விதை மாதிரி வருஷக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். கட்டுத்தரையை ஒட்டிய வேலியில் பத்து வருஷம் மண்ணுக்குள் நின்ற கட்டையின் அடிப்பாகத்தை நினைத்துப் பாருங்கள். பளபளக்கும் புது ஆணி, ரோஜா முள், புதுக் கட்டையில் ஒட்டிய ஈரமண் எல்லாமே போதும். கிருமிக்குக் காற்று ஆகாது. அதனால் அகலமாகக் கிழிந்து ரத்தம் கொட்டிய காயத்தைவிட, ஆழமாகக் குத்தி மேலே மூடிக்கொண்ட காயமே அதற்குத் தோது. "ரத்தமே வரலீங்" என்று நீங்கள் நிம்மதியாகச் சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்று, மரச்சிலாம்பு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. "எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒன்னுமில்ல" என்று ஆறாத புண்ணோடு நடக்காதீர்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்க்கலாம்.

குத்தியதும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், சாணம் எதுவும் வேண்டாம். அன்றைக்கே வாருங்கள். மண்பட்ட காயமென்றால், கடைசி ஊசி போட்டு 5 வருஷம் ஆகியிருந்தாலே மறுபடி போட வேண்டும். முன்பு ஊசி போட்டதே இல்லை, நினைவுமில்லை என்றால் உடனடி எதிர்ப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துத் தேவைப்படும். அதை மறைக்காமல் சொல்லுங்கள். காயமே இல்லாவிட்டாலும் 10 வருஷத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்வது நல்லது.

பெண்களுக்குக் கர்ப்பமாக இருக்கும்போதாவது போட்டிருப்பார்கள். ஆண்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்தோடு சரி. தயவுசெய்து இன்று ராத்திரி உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், கடைசியாக எப்போது ஊசி போட்டார் என்று. வேலி வேலைக்கு ஆள் விடுகிற தோட்டக்காரர்களே, கூலியோடு கெட்டியான பூட்ஸும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். ரப்பர் செருப்பைச் சிலாம்பு ஊடுருவி வரும்.

பிழைத்து வந்தவர் அடுத்த தவணை ஊசிக்கு எங்களிடம் வந்தார். "அதான் வந்துட்டுப் போயிருச்சே, இன்னும் எதுக்குங்?" என்றார். அம்மை ஒருமுறை வந்தால் உடம்பு எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும், இது வந்தால் அப்படிக் கற்றுக்கொள்ளாது என்று சொல்லி, சட்டைக் கையை மடிக்கச் சொன்னேன்.