வாயொங்: சொல்லும் பொருளும்

Wajong என்ற எழுத்தைப் பார்த்து வஜோங் என்று படித்துவிடுகிறோம், ஆனால் டச்சு மொழியில் அந்த ஜே எழுத்துக்கு ய ஒலிதான், ஆகவே வாயொங். நெதர்லாந்தில், சிறு வயதிலேயே வந்த நோயாலோ குறைபாட்டாலோ சம்பாதிக்க முடியாமல் போனவர்களுக்கு அரசு மாதாமாதம் கொடுக்கும் பணத்துக்கு இந்தப் பெயர்.

இது ஒரு சட்டப் பெயரின் சுருக்கம். வெட் என்றால் சட்டம். அடுத்து ஆர்பெய்ட், அதாவது உழைப்பு, என்று தொடங்கும் மிக நீளமான சொல் ஒன்று வரும், உழைக்க இயலாமைக்கான ஏற்பாடு என்று அதற்குப் பொருள். கடைசியில் உள்ள யொங் என்பது இளமை. சட்டம் 1998 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டிருந்து நோயில் விழுந்தவருக்குக் காப்பீடு உண்டு, சரி, ஒரு நாள்கூட வேலைக்குப் போக வாய்ப்பில்லாமல் வளர்ந்த பிள்ளைக்கு எந்தக் காப்பீடு? அந்த இடத்தை நிரப்பத்தான் வாயொங். சந்தா எதுவும் கட்டியிருக்க வேண்டாம், வரிப்பணத்திலிருந்து வருகிறது.

தமிழில் இதை இளைஞர் உதவித்தொகை என்று எழுதினால் இரண்டு பக்கமும் தவறு. முதலில் அந்த இளமை, பணம் வாங்குபவரின் இப்போதைய வயது இல்லை, இயலாமை வந்த வயது. 18 வயதுக்கு முன்பே வந்திருக்க வேண்டும், அல்லது படித்துக்கொண்டிருக்கும்போது 30 வயதுக்குள் வந்திருக்க வேண்டும். அதனால் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இன்றும் வாயொங் வாங்கலாம், முதியோர் ஓய்வூதிய வயது வரும்வரை அது தொடரும். அப்புறம் உதவித்தொகை என்ற சொல், யாரோ மனமிரங்கிக் கொடுப்பதுபோல் ஒலிக்கிறது. வாயொங் சட்டம் தந்த உரிமை, பெற்றோரின் வருமானமோ துணையின் சம்பளமோ வங்கியில் உள்ள சேமிப்போ கணக்கில் வராது.

வேலையின்மைப் பணம் என்பதும் பொருந்தாது. 2015 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களில், வேலை செய்யும் திறன் நிரந்தரமாக இல்லாதவர்களுக்கு மட்டுமே இது கிடைக்கிறது. தொடர்ந்து ஒரு மணி நேரமாவது வேலை செய்ய முடியுமா, ஒரு நாளில் நான்கு மணி நேரம் தாக்குப்பிடிக்க முடியுமா என்றெல்லாம் யுவேவே என்ற அரசு நிறுவனம் பார்த்து முடிவு செய்யும். திறன் அறவே இல்லை என்று ஏற்றுக்கொண்டால், அந்த வயதுக்குரிய குறைந்தபட்ச ஊதியத்தில் 75 சதவீதம். ஓரளவு முடியும், அல்லது பின்னால் முடியலாம் என்று முடிவானால் நகராட்சியைத்தான் நாட வேண்டும், அங்கே துணையின் வருமானமும் சேமிப்பும் பார்க்கப்படும். பல குடும்பங்களை இந்தக் கோடு கடுமையாகத் தாக்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

என் பரிந்துரை: இளவயது உழைப்பியலாமைக் கொடுப்பனவு. கொடுப்பனவு என்பது ஈழத்தமிழில் ஏற்கனவே புழங்கும் சொல், அதில் இரக்கத்தின் சாயல் இல்லை. நீளமாகத் தெரிந்தால் முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு, பிறகு வாயொங் என்றே எழுதலாம். வாங்குபவரை வாயொங்கர் என்று அழைக்கும் டச்சு வழக்கை மட்டும் கொண்டுவர வேண்டாம், வாயொங் பெறுபவர் என்றே எழுதுவோம்.