கனடா ஆமியில் விளையாடி அடிபட்டால் என்ன கிடைக்கும்?

கனடா ஆமியில் இருக்கும் பிள்ளை விளையாடும்போது அடிபட்டால் என்ன கிடைக்கும், அதைப் பெற என்ன செய்து வைத்திருக்கவேண்டும் என்பதைத்தான் இதில் எழுதுகிறேன். ஓட்டம், நீச்சல் பற்றியல்ல, றக்பி, ஐஸ் ஹொக்கி, ஜூடோ, மல்யுத்தம், குத்துச்சண்டை என்று ஆளோடு ஆள் மோதும் விளையாட்டுகள் பற்றி.

2022 நவம்பரில் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களும் சேரலாம் என்று கனடா அறிவித்தது. அதற்கு முன்பே அங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் சிலர் சேர்ந்திருந்தார்கள். ஆமி என்ற சொல் வன்னியில் ஒரு வீட்டுக்குள் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். சேர்வது சரியா பிழையா என்பது அந்தந்தக் குடும்பம் கதைத்து முடிவெடுக்க வேண்டிய விசயம், நான் அதற்குள் போகவில்லை. சேர்ந்துவிட்ட பிள்ளை தோள்மூட்டு விலகி நிற்கும்போது அவனுக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதாவது இங்கே இருக்கும் தாய் தகப்பனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

என் அக்கா கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் இருக்கிறார். ஒரு நாள் காலை நெல் காயப்போட்ட படங்கின் ஓரத்தில் இருந்தபடி கனடா ஆமியில் இருக்கும் மகனோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தார். போனைச் சுளகில் சாய்த்து வைத்திருந்தார். மருமகன் வலது கையால் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கப் பார்த்துவிட்டு இடது கைக்கு மாற்றினான். அக்கா கண்டுவிட்டார். "கையில என்னடா?" என்று கேட்டதற்கு, "சின்ன உளுக்கு அம்மா" என்றான். அவன் இருந்த முகாமின் றக்பி அணிக்கு ஒரு புதன்கிழமை பின்னேரம் விளையாடி, விழுந்து, தோள்மூட்டு விலகி, கூட விளையாடினவன் ஒருவன் இழுத்துப் போட்டிருக்கிறான். ஒரு இடமும் பதியவில்லை. இரண்டு கிழமை கழித்து முகாம் மருத்துவரிடம் போய் "தோள் நோகுது" என்று மட்டும் சொல்லியிருக்கிறான், றக்பி என்ற சொல்லே வாயில் வரவில்லை. அடுத்த பயிற்சிக்கு விடமாட்டார்கள் என்ற பயம். இரண்டு வருடம் கழித்து அதே தோள் திரும்ப விலகியபோதுதான் இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தான். அன்றைய விளையாட்டில் அடிபட்டதற்கு ஆதாரம் வேண்டும். கூட விளையாடினவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாகாணத்துக்கு இடமாற்றமாகிப் போய்விட்டார்கள், அவர்களைத் தேடிப் பிடித்துக் கடிதம் வாங்கவே ஒன்பது மாதம் போனது. மாமா நீங்கள் இதைப் பற்றி எழுதுங்கள் என்று அவன்தான் சொன்னான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். கனடாவில் ஒரு படைவீரருக்கு வரும் காயம் சேவையால் வந்ததா, அல்லது சேவையோடு நேரடியாகத் தொடர்புடையதா என்பதுதான் அடிப்படைக் கேள்வி. விளையாட்டை எந்தப் பக்கத்தில் போடுவது என்ற குழப்பம் வராமல் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. இராணுவத்தில் அதிகாரம் உள்ள தரப்பு அனுமதித்த அல்லது ஒழுங்கு செய்த உடற்பயிற்சியிலோ விளையாட்டிலோ பங்குபற்றும்போது வந்த காயம், மறுக்க ஆதாரம் இல்லாவிட்டால், சேவையால் வந்ததாகவே கொள்ளப்படும். பழைய ஓய்வூதியச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் இது இருக்கிறது, இப்போதைய முன்னாள் படையினர் நலச் சட்டத்தின் விதிகளிலும் கிட்டத்தட்ட அதே சொற்களில் இருக்கிறது. அனுமதியோ ஒழுங்கோ இல்லாவிட்டாலும் சேவையின் நன்மைக்காகச் செய்ததென்றால் அதுவும் அடங்கும், ஆனால் அதை நிரூபிப்பது கடினம், அதை நம்பி இருக்கவேண்டாம். போட்டிக்குப் போகும் வழியும் திரும்பும் வழியும்கூட இதற்குள் வரும். முகாமில் இருந்து வேறு நகரத்துக்கு மல்யுத்தப் போட்டிக்குப் போகும் வாகனம் பனியில் சறுக்கினால், பாயில் கால் வைக்கவில்லையே என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

அப்போ எது அடங்காது? சனிக்கிழமை ஸ்கார்பரோவில் நண்பர்களோடு மைதானம் வாடகைக்கு எடுத்து விளையாடுவது. வெளியில் ஒரு ஜூடோ கழகத்தில் சொந்தக் காசு கட்டிப் பழகுவது. இப்படி அடிபட்டால் வைத்தியம் கிடைக்கும், முழுநேரப் படையினருக்கு மாகாண சுகாதார அட்டை இல்லை, இராணுவ வைத்திய சேவைதான் எல்லாவற்றையும் பார்க்கும். ஆனால் வைத்தியம் வேறு, இழப்பீடு வேறு. பகுதிநேரப் படையில் இருக்கும் பிள்ளைகள் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும், கடமையில் இல்லாத நாளில் நடந்ததைக் கடமையோடு சேர்த்துக் காட்டுவது பெரும்பாடு. இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சிறப்புக் கடமை என்று அறிவிக்கப்பட்ட இடத்துக்கு, பெரும்பாலும் வெளிநாட்டுக்கு, அனுப்பப்பட்டிருந்தால் அந்தக் காலம் முழுக்க, இரவு பகல் இருபத்துநாலு மணித்தியாலமும் பாதுகாப்பு உண்டு. அங்கே ஓய்வு நேரத்தில் பந்தடித்து முழங்கால் போனாலும் அடங்கும்.

காசுக்குச் சண்டை பிடிப்பது முற்றிலும் வேறு கதை. கனடாக் குற்றவியல் சட்டத்தின் 83ஆம் பிரிவு பரிசுச் சண்டையைக் குற்றமாக்குகிறது. 2013இல் அதைத் திருத்தி, மாகாண அதிகாரசபையின் அனுமதியோடு நடக்கும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளுக்கு இடம் கொடுத்தார்கள். ஆக யாரோ ஒருவரின் களஞ்சியத்தில் வளையம் கட்டி நடத்தும் சண்டைக்குப் போகவேகூடாது, அனுமதி பெற்ற போட்டி என்றாலும் கட்டளை அதிகாரியிடம் கேட்காமல் போகக்கூடாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சீ.எஃப். 98 என்று ஒரு படிவம் இருக்கிறது, காயம் பற்றிய அறிக்கை. அடிபட்ட அன்றே, முடியாவிட்டால் அடுத்த நாள், அதை நிரப்பிக் கொடுக்கவேண்டும். எங்கே, எத்தனை மணிக்கு, எந்த விளையாட்டு, யார் ஒழுங்கு செய்தது, யார் கண்டது, உடம்பில் எந்தப் பக்கம் என்று எல்லாம் எழுதவேண்டும். வலது தோள் என்றால் வலது என்றே எழுதவேண்டும். வைத்தியரிடம் போகும்போதும் "நோகுது" என்று நிறுத்தாமல் "முகாம் அணிக்கு றக்பி விளையாடும்போது விழுந்தது" என்று முழு வசனமாகச் சொல்லி, அது கோவையில் ஏறியதா என்று பார்க்கவேண்டும். அணிப் பட்டியல், பயிற்சிக்கு அனுமதித்த மின்னஞ்சல், இவற்றின் பிரதியைப் பிள்ளை தன்னிடமும் வைத்திருக்கவேண்டும். கடதாசி இல்லாமல் நின்றால் என்ன நடக்கும் என்று வன்னியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2009இல் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் விட்டுவிட்டு ஓடி, பிறகு செட்டிகுளம் முகாமில் பெயர் நிரூபிக்க வரிசையில் நின்ற சனம் நாங்கள்.

பிள்ளைகள் காயத்தை மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது, அதைத் திட்டித் தீர்க்க முடியாது. படையில் இருக்கும் எவரும் எந்தக் கடமைக்கும் எந்த நேரமும் தயாராக இருக்கவேண்டும் என்பது அங்கே பொது விதி. காயம் என்றால் முதலில் தற்காலிக மருத்துவ வகை கொடுத்து, இன்னது செய்யக்கூடாது என்று எழுதுவார்கள். ஆறாமல் நிரந்தரமாகிவிட்டால் மருத்துவக் காரணத்துக்காக விலக்கவும் கூடும். அந்தப் பயத்தில்தான் வாயை மூடுகிறார்கள். ஆனால் மறைத்த காயம் எப்படியும் ஒரு நாள் வெளியே வரும், அப்போது கையில் படிவம் இருக்காது. தலையில் பட்ட அடியை மறைப்பது எல்லாவற்றையும்விட மோசம். மூளை அதிர்ச்சி ஆறமுன் இரண்டாவது அடி பட்டால் உயிரே போகலாம். 2013இல் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ரிங்கர் என்ற 17 வயதுப் பாடசாலை மாணவி றக்பியில் அப்படித்தான் இறந்தாள். அவள் பெயரிலேயே ஒன்ராறியோ 2018இல் சட்டம் கொண்டுவந்தது. குத்துச்சண்டையோ ஹொக்கியோ விளையாடும் பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதோடு தலையிடி இருக்கிறதா, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா என்றும் கேளுங்கள்.

காசு விசயம். வலிக்கும் வேதனைக்குமான இழப்பீடு என்று 2019 ஏப்ரல் 1 முதல் ஒரு கொடுப்பனவு இருக்கிறது, சேவையில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், வரி இல்லை. மாதாமாதம் வாங்கலாம், மொத்தமாகவும் வாங்கலாம். தொடங்கியபோது நூறு வீத இயலாமைக்கு மாதம் 1,150 டொலர், பிறகு வருடாவருடம் கூட்டியிருக்கிறார்கள். பத்து வீதம் என்று மதிப்பிட்டால் அதில் பத்திலொரு பங்கு. காயத்தில் சேவையின் பங்கு எவ்வளவு என்று ஐந்தில் ஒன்று, ஐந்தில் இரண்டு என்றும் பிரிப்பார்கள், படையில் சேரமுன் வந்த பழைய முழங்கால் நோவு விளையாட்டால் கூடியிருந்தால் இந்தக் கணக்கு வரும். மருத்துவக் காரணத்தால் விலகவேண்டி வந்து, மறுவாழ்வுத் திட்டத்துக்குள் எடுக்கப்பட்டால், சேவையில் வாங்கிய சம்பளத்தின் 90 வீதம் அளவில் வருமான ஈடும் உண்டு.

விண்ணப்பிக்கக் காலக்கெடு இல்லை. பத்து வருடம் கழித்தும் கேட்கலாம், ஆதாரம்தான் வேண்டும். மறுத்துவிட்டால் அதோடு முடிந்தது என்று நினைக்கவேண்டாம். ஓய்வூதிய வழக்கறிஞர் பணியகம் என்று அரசாங்கமே வைத்திருக்கிறது, சதம் வாங்காமல் மேன்முறையீட்டுச் சபையில் வாதாடுவார்கள். அந்தச் சபையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, ஆதாரத்தில் நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் நன்மை விண்ணப்பித்தவருக்கே. மருமகனைப் போலப் படிவம் போடாமல் விட்டவர்களுக்கு இந்தப் பிரிவு பெரிய பிடி.

லண்டனில், பிரித்தானிய ஆமியில் பிள்ளை இருந்தால் இதையெல்லாம் அப்படியே பொருத்திப் பார்க்கவேண்டாம். அங்கே 2005 ஏப்ரல் 6இல் தொடங்கிய வேறு திட்டம் இருக்கிறது. விளையாட்டு முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்டிருக்கவேண்டும், விண்ணப்பிக்கப் பொதுவாக ஏழு வருடம்தான் தருவார்கள். கனடாப் பிள்ளை சொன்னதைக் கேட்டு லண்டன் பிள்ளை ஆறுதலாக இருந்துவிடக்கூடாது.

மருமகன் இப்போது ஜூடோவுக்குப் போகிறான். போன மாதம் ஒரு விரல் பிசகியது. அன்றிரவே சீ.எஃப். 98ஐ நிரப்பிக் கொடுத்துவிட்டு அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அக்காவுக்கு அனுப்பினான். அக்கா அதைக் கிளிநொச்சி ரவுனில் பிரிண்ட் எடுத்து, காணி உறுதி இருக்கும் பொலித்தீன் பைக்குள் வைத்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார், இதில் வலது கையா இடது கையா என்று சரியாக எழுதியிருக்கிறானா என்று பார்த்துச் சொல்லச் சொல்லி.